இளநீர் கொண்டுவந்த அக்கா

வணக்கம் அண்ணன்,

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு 7 மாதமாக டயாலிசிஸ். வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். நான் வேலையை விட்டுவிட்டேன். இதை யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால், பாதியிலேயே வைத்தியம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா இளநீரோடு வருகிறார். பெரியம்மா, பிளிம்பிங் (நட்சத்திரப் பழம்) சாறு குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கும் என்கிறார். கோயிலில் ஒருவர் பரிகாரம் சொன்னார். போன வாரம் கணவரிடம் “களைப்பாக இருக்கிறது” என்றேன். “சீக்கிரம் தூங்கு” என்றார். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் நான் பேசுவது யார் காதிலும் விழவில்லை. எனக்குத்தான் திமிரா?

அன்புள்ள தங்கைக்கு,

திமிர் இல்லை.

ஒன்றை மட்டும் கேட்காமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இளநீர் அம்மாவுக்கு வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். பிளிம்பிங் அதைவிட மோசம். சிறுநீரக நோயாளிகளுக்கு அதன் நஞ்சு மூளையைத் தாக்கும். நிற்காத விக்கலில் தொடங்கி, புத்தி தடுமாறி, வலிப்பு வந்து இறந்தவர்களும் உண்டு. ஒரு வாய்கூட வேண்டாம். டாக்டர் மேல் பழியைப் போட்டுவிட்டால் பெரியம்மாவுக்கும் வருத்தமிராது.

நான் வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் சுக்கு இடிப்பார்கள். அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. தம்பி பிறந்து அம்மா படுத்திருந்தபோது பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். ஆனால் பொதுக்குழாயில் பிடித்து எங்கள் பீப்பாயை நிரப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சனம் தாமான்களுக்கு, அதாவது வெளியே உள்ள குடியிருப்புகளுக்கு, சிதறியது. வாய் கூடவே வந்துவிட்டது. கைதான் லயத்தோடு நின்றுவிட்டது.

அப்பா இறந்தபோது எனக்குப் பதினாறு வயது. பின்வரிசை வீட்டு அக்கா ஒருவர் செம்பனை ஓலையில் ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டுவார். சாயங்காலங்களில் அவர் எதிரே குந்திக்கொள்வேன். கத்தி நரம்பை ஒட்டிச் சர்ரென்று இறங்கும். பச்சைச் சுருள் காலடியில் விழும். நான் பேச்சை நிறுத்தினால் கத்தியும் நிற்கும். “அப்புறம்?” என்பார். நான் தொடர்ந்தால் கத்தியும் தொடரும். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை. பார்த்திருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன்.

உங்கள் கணவரிடம் இதையே செய்து பாருங்கள். “பத்து நிமிடம் பேசப் போகிறேன், பதில் வேண்டாம், பாத்திரம் கழுவிக்கொண்டே கேளுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையில் வேலை இருந்தால் நம் ஆண்களுக்குத் தீர்வு சொல்லும் அரிப்பு கொஞ்சம் அடங்கும். அனுபவத்தில் சொல்கிறேன்: மனைவி தலைவலி என்றதும் மாத்திரையின் பெயர் சொல்லும் ஆள் நான். “பெயர் எனக்கும் தெரியும்” என்று ஒருநாள் அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது.

வைத்தியம் சொல்கிறவர்களிடம் வேலை கேளுங்கள். “பெரியம்மா, செவ்வாய்க்கிழமை அம்மாவோடு அந்த 4 மணி நேரம் நீங்கள் இருக்க முடியுமா?” வந்தால் உங்களுக்கு ஒரு காலை மிச்சம். வராதவர்கள் அடுத்த முறை வைத்தியத்தைச் சுருக்கிக்கொள்வார்கள். இளநீர் அக்காவை மட்டும் விட்டுவிடாதீர்கள். காய் தவறு, ஆனால் தூக்கிக்கொண்டு வீடு தேடி வந்தவர் அவர் ஒருவர்தான்.

ராத்திரியில் யாரும் இல்லை என்று தோன்றினால், கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொண்டர்கள் 24 மணி நேரமும் தொலைபேசியில் இருக்கிறார்கள். அறிவுரை சொல்லாமல் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள். ஈப்போவிலும் பிஃப்ரெண்டர்ஸ் உண்டு.

வேலையை விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன வேலை என்று எழுதவில்லை. இந்த 7 மாதத்தில் யாரும் கேட்கவுமில்லை போலிருக்கிறது. எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்