போர்டு, ப்ராசஸர் மாற்றுமுன்: வாசகர் கேள்வி-பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றதிலிருந்து, வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை பழைய கம்ப்யூட்டரைப் பற்றித்தான். பெங்களூரு வாசகர்கள் அனுப்பியவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எப்போதும் சொல்வதுதான்: கேபினெட்டைத் திறக்குமுன் பேக்கப் எடுங்கள்.

ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 ப்ராசஸர், எச்110 மதர்போர்டு வைத்திருக்கிறேன். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எட்டாம் தலைமுறை ஐ5 செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டும் 1151 சாக்கெட்தானே, போடலாமா? (அல்சூர்)

போடாதீர்கள். சாக்கெட் எண் ஒன்றுதான் என்றாலும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கு போர்டில் 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டு சிப்) வேண்டும். உங்கள் போர்டு ஏழாம் தலைமுறையோடு நின்றுவிடும், அதற்கும் பயாஸ் (போர்டைத் துவக்கும் மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். ஏழாம் தலைமுறையில் ஏறக்குறைய எதுவும் விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர் பட்டியலில் இல்லை. அந்தப் போர்டில் இனி காசு போடுவது வீண்.

பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர். ரொம்ப ஸ்லோ. நல்ல போர்டும் ப்ராசஸரும் சொல்லுங்கள். (ஸ்ரீராமபுரம்)

எந்தப் போர்டு, எந்த ப்ராசஸர், ரேம் எவ்வளவு, என்ன வேலைக்கு? ஒன்றையும் எழுதாமல் பதில் மட்டும் கேட்டால் நான் என்ன சொல்ல? போன மாதமும் இதையே எழுதினேன்: போர்டின் மாடல் பெயர் பெரும்பாலும் போர்டிலேயே ஸ்லாட்டுகளுக்கு இடையில் பெரிதாக அச்சடித்திருக்கும். அதை போனில் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை ஒன்றே ஒன்று: இன்னும் ஹார்ட் டிஸ்கில்தான் விண்டோஸ் ஓடுகிறது என்றால், முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். பில் போடுவதும் டைப் அடிப்பதும்தான் வேலை என்றால் அதற்கு மேல் தேவையே இல்லாமல் போகலாம்.

டிடிஆர்3 ரேம் 8 ஜிபி இருக்கிறது. புது போர்டில் பயன்படுமா? (விவேக் நகர்)

பயன்படாது, ஸ்லாட்டிலேயே உட்காராது. டிடிஆர்4 வைத்திருப்பவர்களுக்குத்தான் வழி உண்டு. 12-ஆம் தலைமுறை முதல் 14 வரை இன்டெலுக்கு டிடிஆர்4 போடும் எச்610, பி760 போர்டுகள் இருக்கின்றன. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது, ஆகவே கையில் இருக்கும் டிடிஆர்4-ஐ விற்றுவிடாதீர்கள். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போனால் டிடிஆர்5 மட்டும்தான்.

ஆபீஸில் கழித்துக்கட்டிய பிராண்டட் டெஸ்க்டாப் ஒன்றை வாங்கினேன். உள்ளே போர்டை மட்டும் மாற்ற முடியுமா? (எலக்ட்ரானிக் சிட்டி)

மாற்றாதீர்கள். அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தரும் பெட்டி) கனெக்டர் வழக்கமான 24 பின் இல்லை. முன்பக்கப் பவர் பட்டனின் வயரும் வேறு, போர்டைத் திருகும் துளைகளும் பொருந்தாமல் போகும். அதை எஸ்எஸ்டி, ரேமோடு விட்டுவிடுங்கள்.

நான்காம் தலைமுறை ஐ5-லிருந்து ஐ5-12400-க்கு மாறினேன். கிராபிக்ஸ் கார்டு பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, எஸ்எம்பிஎஸ்ஸும் பழைய 450 வாட்தான், பத்து வருடமாக நன்றாக ஓடியது. இப்போது வீடியோ ரெண்டர் கொடுத்தால் சட்டென்று அணைந்துவிடுகிறது. போர்டு போச்சு என்கிறார் கடைக்காரர். (கே.ஆர். புரம்)

போர்டைக் குறை சொல்லுமுன் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். 450 என்ற பெரிய எழுத்தை விடுங்கள். +12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்களில் 14 ஆம்பியர் போல இருக்கும். 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 170 வாட் கூட வரவில்லை. மீதி வாட் எல்லாம் 3.3, 5 வோல்ட் வரிகளின் கணக்கு. இன்றைய ப்ராசஸரும் கார்டும் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. உங்கள் 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை போகும், கார்டு 75. கூட்டினால் 190-ஐத் தாண்டுகிறது. உங்கள் ஸ்டிக்கரிலும் இவ்வளவுதான் என்றால், ரெண்டர் கொடுத்ததும் அணைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதை நான் எத்தனை முறை எழுதினாலும் ஜனங்கள் கேட்பதில்லை. போர்டு, ப்ராசஸர், ரேம் என்று 25,000 ரூபாய் செலவழிப்பார்கள், 3,000 ரூபாய் எஸ்எம்பிஎஸ் என்றால் மட்டும் 'இருக்கிறதே போதும்' என்பார்கள். அது போகும்போது தனியாகப் போவதில்லை, புதுப் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். டார்ச் அடித்து ஃபேன் கம்பிகளுக்கு இடையே பாருங்கள்: கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால், பழுப்பாக ஏதாவது கசிந்து காய்ந்திருந்தால், அன்றே மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரிக்க மட்டும் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். கடையில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து 'ஃபேன் சுற்றுது பாருங்க, ஓகே' என்றால் நம்பாதீர்கள். லோடு இல்லாமல் ஃபேன் சுற்றுவதால் ஒன்றும் நிரூபணமாகாது. புதிய போர்டில் ப்ராசஸருக்குக் கரன்ட் தரும் 8 பின் சாக்கெட்டுக்கு பழைய 4 பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து கன்வெர்ட்டர் போட்டுக்கொடுத்தால் வாங்காமல் வாருங்கள். அந்த மெல்லிய வயர் சூடேறி உருகிவிடும். 80 பிளஸ் (மின்திறன்) சான்று உள்ள 450 அல்லது 500 வாட் உங்களுக்குப் போதும்.

அப்புறம் எர்த். பழைய வாடகை வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யாமல் புதுப் போர்டை மாட்டவே மாட்டாதீர்கள்.

பி450 போர்டு, ரைசன் 3 2200ஜி. கிராபிக்ஸ் கார்டு இல்லை. ரைசன் 5 5600 போடலாமா? (சிவாஜி நகர்)

5600 போட்டால் திரை இருட்டாகவே இருக்கும். அதில் கிராபிக்ஸ் இல்லை. 5600ஜி வாங்குங்கள். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள், யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள். கூலரைக் கழற்றுமுன் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு அணையுங்கள், ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் இளகும். பிறகு கூலரை இடம் வலமாக மெல்லத் திருப்பி எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவரும், உங்கள் போர்டின் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் ப்ராசஸரில்தான் இருக்கின்றன. பேக்கப் எடுத்தீர்களா?

போர்டை மாற்றினேன். பழைய எஸ்எஸ்டியில் விண்டோஸ் கிளம்பவில்லை. (ஆஸ்டின் டவுன்)

பழைய இன்ஸ்டலேஷன் எம்பிஆர் (பழைய டிஸ்க் பிரிப்பு) முறையில் இருந்திருக்கும். புதிய போர்டுகள் பலவற்றில் யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) மட்டும்தான். டேட்டாவைக் காப்பாற்றிக்கொண்டு புதிதாகவே இன்ஸ்டால் செய்யுங்கள், டிரைவர் குழப்பமும் தீரும். ஓஇஎம் லைசென்ஸ் (கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தது) பழைய போர்டோடு போய்விடும், ரீடெயில் லைசென்ஸ் (தனியாக வாங்கியது) என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கி வந்த புதுப் போர்டில் சாக்கெட் பின்கள் இரண்டு வளைந்திருக்கின்றன. கடையில் மாற்ற மறுக்கிறார்கள். (ராமமூர்த்தி நகர்)

மாற்ற மாட்டார்கள். வளைந்த பின்னுக்கு வாரன்டி கிடையாது, யார் வளைத்தது என்று நிரூபிக்கவும் முடியாது. மொபைல் ரிப்பேர் செய்பவர்களில் மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர் யாரிடமாவது கேளுங்கள், இரண்டு பின் என்றால் நிமிர்த்திவிடலாம். மற்றவர்கள் கவுன்டரிலேயே டப்பாவைப் பிரித்து, பிளாஸ்டிக் மூடியை எடுத்துச் சாக்கெட்டைப் படம் பிடித்த பிறகே பணம் கொடுங்கள். அந்த மூடியைத் தூக்கிப்போடாதீர்கள். போர்டை சர்வீஸுக்கு அனுப்பும்போது மூடி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.