பல் எடுப்பதற்கு முன் வரும் பயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பல் எடுப்பது தொடர்பாக வந்த கேள்விகளைப் படித்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை பல்லைவிடப் பயத்தைப் பற்றியே பேசின. ஆகவே இம்முறை பயத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று உடைந்து வேர் மட்டும் நிற்கிறது. எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதம் ஆகிவிட்டது. மூன்று முறை நாள் குறித்து, மூன்று முறையும் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். எனக்கு 34 வயது. — வாசகி, ஈரோடு

முதலில் உங்கள் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. கேலியால் யாருடைய பயமும் குறைந்து நான் பார்த்ததில்லை; பயந்தவர் அதை வெளியே சொல்லாமல் மறைக்கப் பழகுகிறார், அவ்வளவுதான். பல் சிகிச்சையின் மீதான பயம் மருத்துவத்தில் முறையாக அளக்கப்படும் ஒன்று. அமெரிக்காவில் நார்மன் கோரா 1969-இல் இதற்கென ஓர் அளவுகோலை வகுத்தார். இன்று பரவலாகப் பயன்படும் அதன் திருத்திய வடிவத்தில் ஐந்து கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம் என்று கொள்கிறோம். அப்படிப்பட்டவரை "தைரியமாக இருங்கள்" என்று தட்டிக்கொடுத்து நாற்காலியில் உட்கார வைப்பது போதாது. அவருக்கென்று சிகிச்சையைத் தனியாகத் திட்டமிட வேண்டும்.

உங்களை வாசலில் திருப்பி அனுப்புவது எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஊசியா, கருவியின் ஓசையா, இரத்தமா, வாயைத் திறந்து படுத்திருக்கும்போது மூச்சு முட்டுமோ என்ற எண்ணமா, பல்லை இவ்வளவு தூரம் கெடவிட்டதற்கு மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற கூச்சமா? ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது வேறு. "எல்லாமே பயம்" என்று சொல்லும் வரையில் எங்களாலும் அதிகம் உதவ முடிவதில்லை.

அறைக்குள் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தெரியாத இடத்தைக் கற்பனைதான் நிரப்பிக்கொள்கிறது. முதலில் பல் ஈற்றில் மரக்கச் செய்யும் களிம்பைத் தடவி ஓரிரு நிமிடம் காத்திருந்தால், ஊசி நுழையும் குத்தல் மங்கிவிடும். ஊசியில் இருப்பது பெரும்பாலும் 2 சதவீத லிக்னோகெய்ன், அதனுடன் மிகச் சிறிதளவு அட்ரினலின். சுமார் 2 மில்லி மருந்தை அவசரமாகத் தள்ளாமல் இரண்டு நிமிடமெடுத்துச் செலுத்தினால் வலி வெகுவாகக் குறையும். மெதுவாகப் போடும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது என்பதால், மருந்தைப் பல்லருகே வைக்காமல், தாடையின் பின்பகுதியில் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திற்கு அருகில் வைக்கிறோம். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கத்துக் கீழுதடும் பாதி நாக்கும் தடித்துப்போனது போலாகும். உதடு மரக்கும்வரை யாரும் பல்லைத் தொடக் கூடாது.

அதன் பிறகு நடப்பதற்குப் "பிடுங்குவது" என்ற சொல் பொருந்தவே இல்லை. பல் எலும்போடு ஒட்டி வளர்ந்ததன்று; மெல்லிய நார்களால் ஒரு குழிக்குள் கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. நெம்புகோல் போன்ற கருவியால் அந்த நார்களைத் தளர்த்தி, இடுக்கியால் பல்லை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக் குழியை அகலப்படுத்துகிறோம். நன்றாகத் தளர்ந்த பிறகு பல் தானாகவே வெளியே வருகிறது. வேர்கள் பரந்திருந்தால் பல்லை இரண்டாகப் பிரித்து எடுப்போம், அப்போது சுழலும் கருவியின் ஓசை கேட்கும். வலியை எடுத்துச் செல்லும் நரம்பிழைகள் மெல்லியவை, அழுத்தத்தை எடுத்துச் செல்பவை தடித்தவை. மருந்து மெல்லியவற்றை எளிதில் அடக்கிவிடுகிறது. தடித்தவை ஓரளவு விழித்தே இருக்கின்றன. ஆகவே தாடையை யாரோ அழுத்தித் தள்ளுவது உங்களுக்குத் தெரியும். ஒரு முறுக்கல் ஓசையும் கேட்கலாம். எலும்பின் வழியே காதுக்குப் போவதால் அது உள்ளதைவிடப் பெரிதாகக் கேட்கும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாதபோதுதான், அழுத்தம் வந்ததும் "ஊசி வேலை செய்யவில்லை, இனி வலிக்கப் போகிறது" என்று மனம் பதறுகிறது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. முதல் நாள் பல் எடுப்பதற்காகப் போகாதீர்கள். பேசுவதற்கும் எக்ஸ்ரே எடுப்பதற்கும் மட்டும் போய், நாற்காலியில் சற்று நேரம் அமர்ந்துவிட்டுத் திரும்புங்கள். அன்று ஊசி இல்லை என்பதை மருத்துவரிடம் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாம் முறைக்குக் காலையின் முதல் நேரத்தைக் கேளுங்கள். மாலைவரை நினைத்து நினைத்துத் தவிக்க வேண்டியிருக்காது, காத்திருப்பு அறையில் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம். இடது கையை உயர்த்தினால் உடனே நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும்போது நான்கு எண்ணும் அளவு மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் அளவு விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. இதை ஒரு வாரம் வீட்டில் படுத்தபடியே பழகிவிட்டுப் போனால்தான் அங்கே கைகொடுக்கும்.

ஒன்றை மட்டும் மறைக்க விரும்பவில்லை. முகமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமானாலோ, காய்ச்சல் வந்தாலோ, தைரியம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுப்பாதையையே அடைக்கக்கூடும்.

பல வருடங்களுக்கு முன் பல் எடுத்தபோது ஊசி போட்ட பிறகும் உயிர் போகிற வலி. என் உடம்புக்கு அந்த மருந்து ஏறாது என்று நினைக்கிறேன். — வாசகர், விருதுநகர்

அன்று உங்களுக்கு வலித்தது என்பதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் மருந்து உங்கள் உடலுக்கு ஒத்துக்கொள்ளாததுதான் காரணம் என்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. சீழ் கட்டி வீங்கிய இடத்தில் திசுவின் அமிலத்தன்மை கூடிவிடுகிறது. அமிலச் சூழலில் இம்மருந்து நரம்புக்குள் சரியாக ஊடுருவுவதில்லை. சிலருக்கு நரம்பு செல்லும் பாதையே சற்று மாறியிருக்கும், ஊசி அதன் பக்கத்தில் விழாமல் போயிருக்கலாம். பல நேரங்களில் மருந்து வேலை செய்யும்வரை யாரும் காத்திருப்பதில்லை. இவை மூன்றுக்கும் வழி உண்டு: வீக்கத்திலிருந்து விலகிய இடத்தில் நரம்பை மரக்கச் செய்யலாம், பாதுகாப்பான அளவுக்குள் மேலும் மருந்து கொடுக்கலாம், பல்லைச் சுற்றியுள்ள நாரிலேயே சிறிது செலுத்தலாம், அல்லது சீழை வெளியேற்றிவிட்டுச் சில நாள் கழித்துப் பல்லை எடுக்கலாம்.

இதை எழுதும்போது எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், வயதான அம்மா ஒருவர் பாதியில் கையை உயர்த்தினார். "வலி இல்லையம்மா, அழுத்தம்தான்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். பல் வெளியே வந்த பிறகுதான் அவர் கண்களிலிருந்து நீர் காதுவரை வழிந்திருந்ததைக் கண்டேன். அவர் உணர்ந்தது வலியேதான். அழுத்தமும் வலியும் வேறு வேறு என்பது நோயாளியின் நிம்மதிக்காகச் சொல்லப்பட வேண்டிய செய்தி. அவர் வாயை அடைக்க அதை நான் பயன்படுத்தியது தவறு. அன்றிலிருந்து, கூர்முனைக் கருவியால் ஈற்றை எல்லாப் பக்கமும் தொட்டுச் சோதித்து, "சுருக்கென்று குத்துகிறதா, மொத்தமாக அழுத்துகிறதா" என்று கேட்காமல் நான் தொடங்குவதில்லை. பழைய அனுபவத்தைப் புதிய மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி, இந்தச் சோதனையைச் செய்யும்படி கேளுங்கள்.

மேல்வரிசைப் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று என் மாமியார் தடுக்கிறார். — வாசகி, தஞ்சாவூர்

போகாது. மேல்பல்லின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்வது ஐந்தாம் மூளை நரம்பின் ஒரு கிளை. பார்வையைக் கொண்டுசெல்வது இரண்டாம் நரம்பு. இரண்டும் தனித்தனிப் பாதைகள். பற்கள் விழும் வயதிலேயே கண்ணில் புரையும் விழுவதால் இந்த நம்பிக்கை ஊர்தோறும் நிலைத்திருக்கிறது என்பது என் எண்ணம். மேல்பல்லுக்கு ஊசி போட்ட பின் சிலருக்குக் கன்னமும் கீழ் இமையும் மரத்திருக்கும். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அதை அத்தைக்கு முன்பே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் அதையே சான்றாகக் காட்டுவார்.

சென்ற முறை ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்துவிட்டேன். வெறும் வயிற்றோடு போனால் நல்லதா? — கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

வெறும் வயிற்றோடு போவதுதான் மயக்கத்துக்குப் பாதிக் காரணம். மரக்கச் செய்து பல் எடுப்பதற்குப் பட்டினி தேவையில்லை. ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லியோ தயிர்சாதமோ வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள்.

ஊசியையோ இரத்தத்தையோ கண்டு மயங்குபவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென இறங்குகிறது. ஆகவே பொதுவாகச் சொல்லப்படும் "உடம்பைத் தளர்த்துங்கள்" என்ற அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்குங்கள், முகத்தில் வெம்மை ஏறுவது தெரியும். பிறகு 20, 30 விநாடி இயல்பாக விடுங்கள். இப்படி ஐந்து முறை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் வகுத்த முறை இது. ஊசி போடும்போது நாற்காலியை நன்றாகச் சாய்த்து, கால்கள் சற்று உயர்ந்திருக்கும்படி படுக்க வையுங்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கண் இருண்டு வியர்த்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஒவ்வாமையா? — வாசகி, திருநெல்வேலி

பெரும்பாலும் இல்லை. மருந்திலுள்ள அட்ரினலின் இரத்தத்தில் சிறிது கலக்கும்போது இப்படி ஆகும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். பயத்தின்போது உடலே சுரப்பதும் அட்ரினலின்தான் என்பதால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், இழுப்பு ஆகியவை வந்திருந்தால் மட்டும் ஒவ்வாமைப் பரிசோதனை தேவை.

தைரியத்துக்காகக் கொஞ்சம் மது அருந்திவிட்டுப் போகலாமா? — பெயர் வேண்டாம்

கூடாது. இரத்தம் நிற்கத் தாமதமாகும், கொடுக்கும் மருந்துகளோடு மோதும், பெரும்பாலான மருத்துவர்கள் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூச்சத்தை விட்டு இதைக் கேட்டதற்கு நன்றி.

அப்பாவுக்கு 68 வயது. இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். இரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று நடுங்குகிறார். மாத்திரையை நாங்களே நிறுத்திவிடலாமா? — வாசகர், மதுரை

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளை ஒரு பல்லுக்காக நிறுத்தினால், ஸ்டென்டில் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரும் ஆபத்து இருக்கிறது. அதற்கு முன்னால், பல் குழியில் சற்றுக் கூடுதலாகக் கசியும் இரத்தம் மிகச் சிறிய விஷயம். அதைத் துணிப்பஞ்சாலும் ஓரிரு தையலாலும் நிறுத்த முடியும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு மட்டும், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் பரிசோதனை தேவைப்படும், அது 3.5-க்குள் இருந்தால் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலேயே பல் எடுக்கிறோம். எதையும் இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

அன்று காலை சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டு, உணவும் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். பயத்தாலேயே அழுத்தம் ஏறும் என்பதால், பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். 180/110-க்கு மேல் இருந்தால் தள்ளிப்போடுவதே முறை. அப்பாவுடன் ஒருவர் உள்ளே வரை செல்லுங்கள்.

ஏழு வயது மகனுக்கு முன்பால்பல் விழாமல் பின்னால் புதுப்பல் முளைத்துவிட்டது. மருத்துவமனைப் பெயரைச் சொன்னாலே அழுகிறான். — தாய், சேலம்

கீழ் முன்பற்களில் இது இந்த வயதில் சாதாரணமாக நடப்பது. பால்பல் நன்றாக ஆடினால், தானே விழுமா என்று சில வாரம் பார்க்கலாம். எடுக்க வேண்டி வந்தாலும் அதன் வேர் பெரும்பாலும் கரைந்திருக்கும், வேலை நொடிப்பொழுதில் முடிந்துவிடும்.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். வலி என்ற சொல்லை அவன் மனதில் நீங்களே நட்டுவிடுகிறீர்கள். சிறிது வலித்துவிட்டாலோ உங்கள் சொல்லை அடுத்த முறை நம்பமாட்டான். "டாக்டர் பல்லைத் தூங்க வைப்பார், சின்னதாக ஒரு கிள்ளு மாதிரி இருக்கும்" என்று உண்மையைச் சிறிய அளவில் சொல்லுங்கள். குழந்தைகள் பல் மருத்துவர்கள் முதலில் சொல்லி, பிறகு காட்டி, அதன் பின்பே செய்வார்கள். அதற்கு இடம் கொடுங்கள். சாப்பிட மறுக்கும்போது "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் வழக்கம் வீட்டில் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அப்படி வளர்ந்தவர்களைத்தான் முப்பது வயதில் என் அறை வாசலில் பார்க்கிறேன். சிகிச்சைக்குப் பிறகு மரத்த உதட்டை அவன் விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிவிடாமல் கவனியுங்கள்.

என்னை முழுவதுமாகத் தூங்க வைத்து எடுக்க முடியாதா? — வாசகி, சென்னை

முடியும், ஆனால் ஒரு பல்லுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை அரிது. இடையில் வேறு படிகள் உள்ளன. மூக்கின் வழியே நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை ஆக்சிஜனோடு சேர்த்துக் கொடுத்தால் விழித்தபடியே பதற்றம் தணியும், நிறுத்திய சில நிமிடங்களில் தெளிவும் திரும்பும். 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் தம் பல்லையே எடுக்கச் செய்து சோதித்த வாயு இது. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பதற்றம் தணிக்கும் மாத்திரை இன்னொரு வழி. அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். முழு மயக்கம் என்றால் மருத்துவமனையும் மயக்கவியல் நிபுணரும் தேவை, ஆறு மணி நேரம் திட உணவின்றி இருக்க வேண்டும்.

பல் எடுப்பதைவிட அன்று இரவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. — வாசகர், நாகர்கோவில்

மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை மரப்பு விலகும் முன்பே, உணவுக்குப் பின் போட்டுவிடுங்கள். வலி முற்றிய பின் போட்டால் அது தணிய நேரமாகும். துணிப்பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் இறுகக் கடித்திருங்கள். அதற்கிடையே எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். 24 மணி நேரம் வாய் கொப்பளிப்பது, துப்புவது, உறிஞ்சிக் குடிப்பது கூடாது, ஏனெனில் குழியில் உறையும் இரத்தம்தான் புண்ணை மூடும் கவசம். புகை பிடிப்பதைச் சில நாள் அறவே தவிருங்கள். அன்றிரவு எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பதும் தலையணையில் சிறு கறை படுவதும் இயல்பு; எச்சிலோடு கலந்த துளி இரத்தம் கண்ணுக்கு அதிகமாகத் தெரியும். தலையை இரண்டு தலையணை உயரத்தில் வைத்துப் படுங்கள்.

வாய் நிறைய இரத்தம் தொடர்ந்து ஊறினால், புதுத் துணிப்பஞ்சை வைத்து மீண்டும் அரை மணி நேரம் கடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். குறைந்துகொண்டு வந்த வலி இரண்டாம், மூன்றாம், நான்காம் நாளில் காதுவரை பரவித் தெறித்தால், குழியின் இரத்தக் கட்டு கலைந்திருக்கலாம். மாத்திரையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிராமல் மருத்துவரிடம் போங்கள்; குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றே வலி பெருமளவு அடங்கும். நாற்காலியைவிட்டு எழும் முன், இரவில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் சட்டைப்பையில் இருந்தாலே பலருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.