ஜூனியர் வார்சிட்டியில் வைக்கப்பட்ட மகள்: டெக்சஸிலிருந்து எழுதிய தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு அணியில் நன்றாக ஆடிய உங்கள் மகளை, இந்த ஆண்டு கூடைப்பந்துத் தேர்வில் பள்ளியின் முதல் அணியான வார்சிட்டிக்கு எடுக்காமல், அதற்கு அடுத்த நிலை அணியான ஜூனியர் வார்சிட்டியில் வைத்திருக்கிறார்கள். அவளோடு சேர்ந்து பழகிய தோழிக்கு வார்சிட்டியில் இடம் கிடைத்துவிட்டது. இது கல்லூரி விண்ணப்பத்தில் குறையாகத் தெரியுமா என்றும், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றினால் வார்சிட்டியில் இடம் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் அவசரப்பட்டால் ஓராண்டு வீணாகும்.

டெக்சஸில் அரசுப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளை நடத்தும் அமைப்பு, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 1910-இல் தொடங்கிய யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக். ஒரு பள்ளிக்காக ஏற்கெனவே ஆடிய மாணவி வேறு பள்ளிக்குப் போய் வார்சிட்டியில் ஆட வேண்டுமென்றால், முந்தைய பங்கேற்பைப் பற்றிய படிவம் ஒன்று நிரப்பப்பட வேண்டும். அதில் பழைய பள்ளியும் தன் கருத்தைப் பதிவு செய்யும். விளையாட்டுக்காகவே பள்ளி மாறியதாகத் தீர்மானிக்கப்பட்டால், குறைந்தது ஓராண்டுக்கு அவள் வார்சிட்டியில் ஆட முடியாது. அதற்குக் கீழுள்ள அணிகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆக, வார்சிட்டிக்காக வீட்டை மாற்றி, வாடகை முன்பணம் கட்டி, புதிய பள்ளியிலும் அவள் ஜூனியர் வார்சிட்டியிலேயே ஆடிக்கொண்டிருக்க நேரிடலாம். அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி அணியைப் பற்றிப் பார்ப்போம். நம் ஊரில் தேர்ச்சி பெறாத பிள்ளையை அதே வகுப்பில் மீண்டும் உட்கார வைப்பதுபோல ஜூனியர் வார்சிட்டியைப் பல பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அது ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மேல் அணியின் ஆட்டமுறையைக் கற்கும் இடம். அந்த அணியின் பயிற்சியாளர் பல பள்ளிகளில் வார்சிட்டி ஆட்டத்தின்போது தலைமைப் பயிற்சியாளருக்குப் பக்கத்தில் உதவியாளராக அமர்கிறவர்தான். அழைப்புச் சொற்களும் நகர்வுகளும் இரண்டு அணிகளுக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அடுத்த ஆண்டு மேலே வருகிறவள் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியதில்லை.

நீங்கள் கணக்கிட வேண்டியது நிமிடங்களை. வார்சிட்டி கூடைப்பந்து ஆட்டம் எட்டு நிமிடக் கால்பகுதிகள் நான்கு, அதாவது மொத்தம் 32 நிமிடங்கள். களத்தில் ஒரு நேரத்தில் ஐந்து பேர். நெருக்கமான ஆட்டத்தில் பயிற்சியாளர் ஏழெட்டுப் பேருக்கு மேல் நம்பமாட்டார். பன்னிரண்டு பேர் கொண்ட வார்சிட்டியில் பதினோராவதாக இடம் பெறும் பத்தாம் வகுப்புப் பெண், ஆட்டம் இருபது புள்ளி வித்தியாசத்தில் முடிவாகிவிட்ட பிறகு கடைசி இரண்டு நிமிடங்களுக்கு உள்ளே அனுப்பப்படுவாள். அதே பெண் ஜூனியர் வார்சிட்டியில் முதல் ஐவரில் ஒருத்தியாக இருந்தால், எதிராளி முழு மைதானமும் நெருக்கும்போது பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதும், இரண்டு ஃபவுல்களோடு (விதிமீறல்களோடு) தற்காப்பு ஆடுவதும், ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்பதும் அவள் பொறுப்பில் வரும். பயிற்சி நேரத்தில் இவற்றைச் சொல்லித்தரலாம், ஆனால் பழக்கத்துக்கு வருவது ஆட்டத்தில்தான். இதற்கு விதிவிலக்கும் உண்டு. உயரமும் வேகமும் ஏற்கெனவே கைகூடிய சில பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே மேல் அணியில் நிறைய ஆடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவி உங்கள் மகளின் தோழியைப் போல முன்னதாகவே வார்சிட்டிக்குப் போனவள். அவளுடைய ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்கப் போயிருந்தேன். மேல்சட்டையின் ஜிப்பை ஒருமுறைகூடத் திறக்காமல், இடைவேளைகளில் மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் புட்டி நீட்டிக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பில் முதல் ஐவரில் சேர்த்தபோது அவளுக்கு இடது கை ஓடவில்லை. ஒரு முழு ஆண்டு அதை ஆட்டத்தில் பயன்படுத்த வாய்ப்பே கிடைக்காமல் போயிருந்தது.

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனைப் பள்ளி அணியிலிருந்து துரத்திவிட்டார்கள் என்ற கதை உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நடந்தது அவ்வளவு நாடகமல்ல. 1978-இல் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரிலுள்ள லேனி உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவரான அவர் 5 அடி 10 அங்குல உயரம். அணிக்கு உயரம் தேவைப்பட்டதால் லெராய் ஸ்மித் என்ற ஆறரை அடி நண்பரை வார்சிட்டிக்கு எடுத்துக்கொண்டு, ஜோர்டனை ஜூனியர் வார்சிட்டியில் வைத்தார்கள். அந்த ஓராண்டு அவர் அங்கே ஏராளமாக ஆடினார், வளர்ந்தார், அடுத்த ஆண்டு மேலே போனார். எனக்கு இதைவிடப் பிடித்த செய்தி பில் ரஸ்ஸலுடையது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோடு பின்னாளில் 11 முறை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் பட்டம் வென்ற அவர், ஓக்லண்டின் மெக்ளைமண்ட்ஸ் பள்ளியில் ஜூனியர் வார்சிட்டியின் பதினாறாவது ஆள், சீருடைகளோ பதினைந்து. அவரும் இன்னொரு மாணவரும் ஒரே சீருடையை ஆட்டத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றி அணிந்தார்கள். உங்கள் மகள் ரஸ்ஸல் ஆவாள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பதினைந்து வயதில் ஒரு பயிற்சியாளர் போடும் வரிசை, அந்த ஆட்டப் பருவத்தில் அந்த அணிக்கு என்ன தேவை என்பதை மட்டுமே காட்டும்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு வருவோம். பல கல்லூரிகளுக்குப் பொதுவான, ஏராளமான மாணவர்கள் பயன்படுத்தும் காமன் ஆப் விண்ணப்பப் படிவத்தில் வகுப்புக்கு வெளியிலான செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் உண்டு. விளையாட்டு வகையைத் தேர்ந்தெடுக்கும்போது ஜூனியர் வார்சிட்டியும் வார்சிட்டியும் ஒரே தலைப்பின்கீழ்தான் வருகின்றன. எந்தெந்த வகுப்புகளில் ஆடினாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கேட்டுவிட்டு, விவரிக்க 150 எழுத்துகளே தருவார்கள். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஒரு விளையாட்டில் நின்று படிப்படியாக மேலேறியது அங்கே நன்றாகவே தெரியும். விளையாட்டு உதவித்தொகைதான் உங்கள் மனத்தில் இருக்கிறது என்றால் அளவை யோசித்துப் பாருங்கள்: நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்போர் எண்ணிக்கை 80 லட்சத்தை ஒட்டியது, கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ.வில் ஆடுகிறவர்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல், அதிலும் அந்த அமைப்பின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும், ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை. வார்சிட்டியில் ஆடுகிறவர்களிலும் மிகப் பலருக்கு அது கிடைக்காது.

மதிப்பெண் வேறு கதை. டெக்சஸில் 1984-இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட சட்டப்படி, மதிப்பீட்டுக் காலம் ஒன்றில் ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டியில் ஆட முடியாது, எந்த அணியானாலும். இயற்கணிதத்தில் தடுமாறுவதாக எழுதியிருக்கிறீர்கள். என் கவலை அணியைவிட அதில்தான் இருக்கிறது.

பயிற்சியாளரை நீங்கள் சந்திக்க வேண்டாம், மகளே சந்திக்கட்டும். தேர்வு முடிந்து ஒரு வாரமாவது போகட்டும். 'என்னை ஏன் எடுக்கவில்லை' என்று தொடங்கினால் பயிற்சியாளர் தன் முடிவுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருப்பார். 'அடுத்த நவம்பரில் மேல் அணியில் ஆட நான் எந்த இரண்டு விஷயங்களில் முன்னேற வேண்டும்' என்று கேட்டால் வேலைப் பட்டியல் கிடைக்கும். பதில் பெரும்பாலும் வீட்டில் எதிர்பார்ப்பதைவிடச் சிறியதாக இருக்கும்: இடது கையால் பந்தைக் கொண்டுபோவது, தற்காப்பில் வாய்விட்டுப் பேசுவது, தன் அணித் தோழியை எதிராளி தாண்டிப்போகும்போது உதவிக்கு நகர்வது. நம் பெண்களிடம் நான் அடிக்கடி காண்பது அந்த இரண்டாவதுதான். வீட்டில் அதிராமல் பேசப் பழக்கிவிட்டு, மைதானத்தில் கத்தச் சொன்னால் அவர்களுக்கு ஒரு பருவமாவது ஆகிறது.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளைப் பெரும்பாலான பள்ளிகள் ஜூனியர் வார்சிட்டியில் வைத்துக்கொள்வதில்லை. எனவே பதினொன்றாம் வகுப்பிலும் அவள் அங்கேயே இருந்தால், அந்த வசந்தத்தில் பயிற்சியாளரிடம் கடைசி ஆண்டில் தனக்கு இடம் உண்டா என்று நேராகக் கேட்கட்டும். இல்லை என்றால் அந்த நேரத்தை வேறு எதற்குத் தருவது என்று நாம் மூவரும் உட்கார்ந்து பேசலாம். இப்போது அந்தப் பேச்சு வேண்டாம்.

இந்தப் பருவத்தின் அட்டவணையைப் பள்ளி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனியர் வார்சிட்டி ஆட்டம் பொதுவாக வார்சிட்டி ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும், நீங்கள் அலுவலகத்திலிருந்து வந்து சேர்வதற்குள் பாதி முடிந்திருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப முடியுமா என்று உங்கள் மேலாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.