தொட்டியைக் கழுவுவதை நிறுத்துங்கள்

கேள்வி: பல்லடம் பக்கம் பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறேன். மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் ஆறு கோல்டு ஃபிஷ் விட்டேன். ஞாயிறுதோறும் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாம் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, போர் தண்ணீர் நிரப்புகிறேன். ஆனாலும் மூன்று வாரத்தில் நான்கு செத்துவிட்டன. மீதி இரண்டும் காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கடைக்காரர் நீல மருந்து, மஞ்சள் பொடி, ஆன்டி குளோரின் மூன்றும் கொடுத்தார். எந்த மருந்தைத் தொடரலாம்?

பதில்: எதையும் வேண்டாம். மூன்றையும் எடுத்து ஓரமாக வையுங்கள். போர் தண்ணீரில் நீங்களாகக் கலந்தால் தவிர குளோரின் இருக்காது. இல்லாத குளோரினுக்கு ஆன்டி குளோரின் விற்றவரை என்ன சொல்ல! தண்ணீர் எங்கிருந்து பிடிக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் மருந்து எடுத்துக் கொடுப்பவர் மீன் வளர்க்கத் தெரிந்தவர் இல்லை, பாட்டில் விற்கத் தெரிந்தவர்.

உங்கள் மீன்கள் செத்தது பெரும்பாலும் நோயால் அல்ல, அம்மோனியாவால். உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கோழிக்குத் தரையில் பரப்பும் ஆழ்கூளம் ஈரமானால் ஷெட்டுக்குள் கண் எரியுமே, அதே சரக்குதான். கோழிக்குத் திரையைத் தூக்கிக் காற்று விடலாம். மீனோ தன் செவுள் வழியாக வெளியே விட்ட அம்மோனியாவிலேயே நீந்த வேண்டும். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் காரமுமானது. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமாக இருப்பது 100-க்கு ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8.2 ஆனால் 100-க்கு 10 பங்கு விஷம். அதே மீன், அதே தீவனம், தண்ணீர்தான் வேறு.

இந்த அம்மோனியாவைத் தின்பதற்கென்றே பாக்டீரியா உண்டு. ஒரு கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்கும். இரண்டும் தண்ணீரில் மிதப்பவை அல்ல. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை நிலைப்பதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஞாயிறுதோறும் தேய்த்து வெயிலில் காயவைத்துக் கொன்றது அவற்றைத்தான். தப்பியதை நீல மருந்து முடித்திருக்கும். கடைகளில் நீல மருந்து என்று தரும் மெத்திலீன் ப்ளூ பூஞ்சையோடு இந்த பாக்டீரியாவையும் அழிக்கும். அதனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஸ்பாஞ்சை எப்படிக் கழுவுவது என்பதுதான். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே, மாதம் ஒருமுறை, இரண்டு பிழி பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். அதைப் பார்த்து அருவருத்து வெள்ளையாக்குபவர் வீட்டில் மீன் தங்குவதில்லை.

பாட்டிலில் பாக்டீரியா என்று விற்கிறார்கள். கடை அலமாரியில் சூட்டில் கிடந்த பாட்டிலுக்குள் எது உயிரோடு இருக்கிறதென்று விற்பவருக்கும் தெரியாது. அந்தக் காசுக்கு சொட்டு விட்டுப் பார்க்கும் அம்மோனியா கிட் வாங்குங்கள். ஆரோக்கியமான மீன் வைத்திருக்கும் நண்பர் யாரிடமாவது ஓடிக்கொண்டிருக்கும் அழுக்கு ஸ்பாஞ்சைக் கேட்டு, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஏர் பம்பில் மாட்டுங்கள். கடைத் தொட்டி ஸ்பாஞ்ச் மட்டும் வேண்டாம், நோயும் கூடவே வரும்.

இப்போதைக்கு இரண்டு நாள் தீவனம் போடாதீர்கள். சாகாது. தினமும் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். போர் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது; அதில் ஆக்ஸிஜன் குறைவு. முதல் நாளே வாளியில் பிடித்து, ஏர் பம்பில் மாட்டிய காற்றுக்கல் போட்டு, இரவு முழுக்க ஓடவிட்டு ஊற்றுங்கள். 50 லிட்டருக்கு 50 கிராம் கல் உப்பு கரைத்து விடலாம். அயோடின் உப்பு வேண்டாம். நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதை உப்பு தடுக்கும். பிறகு தண்ணீர் மாற்றும்போது எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டும் உப்பு சேருங்கள். அப்புறம், சத்தம் தொந்தரவு என்று இரவில் ஏர் பம்பை நிறுத்துகிறீர்களா? காலையில் மேலே வருவதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகமும் இருக்கிறது. 24 மணி நேரமும் ஓட வேண்டும். கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் வந்த பிறகு வாரம் கால் பங்கு மாற்றினால் போதும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு வயிறு கிடையாது, குடல் மட்டும்தான். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒருமுறை போடுங்கள்.

இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரம் என்றால் 50 லிட்டர் சொச்சம். அதில் ஆறு கோல்டு ஃபிஷ் என்பது விற்பவர் கணக்கு. இருக்கும் இரண்டுமே வளர்ந்தால் அந்தத் தொட்டி பற்றாது. மகளுக்கு இன்னும் நான்கு வேண்டுமென்றால் தோட்டத்தில் மர நிழலில் 500 லிட்டர் சிமென்ட் தொட்டி கட்டுங்கள். புதுத் தொட்டியில் இரண்டு மூன்று முறை தண்ணீர் நிரப்பி, சில நாள் ஊறவிட்டுக் கொட்டிச் சுண்ணாம்பு நீங்கிய பிறகே மீன் விடுங்கள். மேலே வலை கட்டுங்கள், கொக்கும் மீன்கொத்தியும் வரும். கோழி ஷெட்டுக்கு மருந்து அடிக்கும்போது சாரல் படாத தூரத்தில் இடம் பாருங்கள்.