முழங்கால் மடங்கவில்லை, மலை இறங்க வேண்டும்

கேள்வி: எனக்கு 66 வயது. சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். 30 வருடமாக ஜார்கண்டில், சாகிப்கஞ்ச் மாவட்டத்து ராஜ்மகால் மலையில் பஹாடியா மக்களிடையே மனைவியோடு ஊழியம் செய்கிறேன். இரண்டு வருடமாக வலது முழங்காலில் வலி. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. முழங்கால்படியிட்டு ஜெபிக்கவும் முடியவில்லை. சந்தைக்கு வருகிற ஒருவர் போடும் ஊசியில் நாலைந்து நாள் சுகமாக இருக்கிறது. பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். இரவில் மூன்று முறை எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறது. ஆபீஸுக்குச் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று மூச்சு விடவில்லை. என் சிலுவை என்று சுமந்துகொண்டு இருந்துவிடலாமா?

பதில்: ஐயா, ஸ்தோத்திரம். சிலுவையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த ஊசி.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் பட்டம் இல்லாத 'ஜோலா சாப்' டாக்டர்கள் முட்டிவலிக்குப் போடுவது பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது ஸ்டீராய்டு; சிலர் இரண்டையும் சேர்த்தே போடுவார்கள். டைக்ளோஃபினாக் பிபியை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். சில பிபி மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையைக் கூட்டும், எலும்பை மெலிய வைக்கும். அடுத்த ஊசிக்குப் போகாமல் இந்த வாரமே மாவட்ட அரசு மருத்துவமனையான சதர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை மாதமாக எத்தனை ஊசி என்பதை மறைக்காமல் சொல்லி, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் எக்ஸ்ரே நின்றபடி எடுக்க வேண்டும். படுத்து எடுத்தால் தேய்மானம் குறைத்துக் காட்டும். ஊசிக்காரர் பொட்டலத்தில் மாத்திரையும் கொடுத்திருந்தால் அதைச் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு உடம்புக்குப் பழகியிருந்தால், நிறுத்தியதும் தலைசுற்றலும் வாந்தியும் ஆளைக் கிடத்தும் அசதியும் வரலாம். வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கிரியேட்டினின் சரியாக இருந்தால் டைக்ளோஃபினாக் ஜெல் போதும். நாலு அங்குல நீளத்துக்குப் பிதுக்கி, முழங்காலைச் சுற்றிலும் ஒரு நாளைக்கு மூன்று வேளை தடவுங்கள். மலையேறும் நாளில் காலையில் பாராசிட்டமால் 500 இரண்டு. ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் கூடாது. ஆனால் காய்ச்சல் வந்தால் அதை விழுங்கிவிட்டுப் படுத்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் மலேரியாவும், மணல் ஈ கடித்து வரும் காலா அசார் காய்ச்சலும் உள்ள இடம். அன்றைக்கே கிராமத்துச் சுகாதாரப் பணியாளரான சஹியாவிடம் விரலில் குத்தி மலேரியா பாருங்கள். இரண்டு வாரம் தாண்டிய காய்ச்சலுக்குக் காலா அசார் பரிசோதனை கேளுங்கள்.

இனி நடை. முழங்காலைக் கெடுப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான். கைத்தடியை இடது கையில் பிடியுங்கள். பலர் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள். பாரம் முழுக்க அந்தக் காலிலேயே விழுகிறது. செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அதுதான் தடியின் உயரம். அடியில் ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் மாற்றிவிடுங்கள்; மழையில் பாறைமேல் அதை நம்ப முடியாது. ஏறும்போது இடது கால் முன்னே. இறங்கும்போது தடியும் வலது காலும் முன்னே, இடது கால் பின்னே.

தொடைச் சதை வலுத்தால் மூட்டுக்குப் பாரம் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். வலிக்காத காலையும் விடாதீர்கள். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் வலிக்கும். மறுநாளும் வலி கூடியே இருந்தால் பத்தை ஐந்தாக்குங்கள், நிறுத்த வேண்டாம். பலன் தெரிய ஆறேழு வாரமாகும். பலர் மூன்றாம் வாரமே விட்டுவிட்டு, திரும்ப ஊசிக்குப் போகிறார்கள். தொப்பை இருந்தால் தட்டில் சோற்றைக் குறையுங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது.

குடும்ப ஜெபத்துக்குப் போகிற வீட்டில் எல்லாரும் தரையில் இருக்க, நாம் மட்டும் உயரத்தில் உட்காருவதா என்று கூசுவீர்கள். வயதானவருக்குக் கட்டில் கொடுப்பது அந்த மக்களுக்கே வழக்கம்தான். ஆனால் கயிறு தளர்ந்த கட்டில் குழிந்து இடுப்பைக் கீழே இழுக்கும், மச்சியா என்கிற குட்டையான கயிற்று இருக்கையோ தரையைவிட மோசம். 17, 18 அங்குல உயர மடக்கு ஸ்டூல் ஒன்றைப் பையில் கட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்தே ஜெபியுங்கள். தரையில் மாட்டிக்கொண்டால் நேராக எழப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, தவழ்கிற நிலைக்கு வந்து, இடது பாதத்தை முன்னே ஊன்றி, கட்டில் சட்டத்தில் இரு கையையும் வைத்து அழுத்தி எழுங்கள்.

கழிப்பறைக்குப் பிளாஸ்டிக் கமோடு ஸ்டூல் வாங்கலாம். மண் தரையென்றால் நாலு காலும் நாலு விதமாக இறங்கி, ஆளோடு சாயும். கீழே தட்டைக் கல்லோ பலகையோ பதித்து, அதன்மேல் வையுங்கள். எழும்போது பிடிக்கச் சுவரோரம் ஒரு மூங்கிலை ஆழமாக நடுங்கள்.

இரவுச் சிறுநீருக்கு: பிபி மாத்திரையில் நீர் மாத்திரை கலந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால், அவர் சொன்னபடி காலைக்கு மாற்றுங்கள். மாலை ஆறுக்கு மேல் தண்ணீரும் டீயும் கொஞ்சமாக. சாயங்காலம் கால் வீங்கினால், மதியம் ஒரு மணி நேரம் தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள். அந்த நீர் ராத்திரி வெளியேறாமல் பகலிலேயே வெளியேறும். புராஸ்டேட், சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். இருட்டில் வெளியே போகாமல் கட்டிலருகே மூடியுள்ள யூரின் பாட்டில் வையுங்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பிபி இறங்கிக் கீழே விழுவீர்கள். ஒரு நிமிஷம் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். தரையில் படுக்கவே வேண்டாம். கட்டு விரியன் ராத்திரியில் ஊரும். தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். மருந்திட்ட கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் செருகினால் பாம்புக்கும் தடுப்பு, காலா அசாரைப் பரப்பும் மணல் ஈக்கும் தடுப்பு.

சிலுவைக்கு வருவோம். ஸ்டூலும் தடியும் தீர்க்கிற வலியை அந்தப் பெயரில் சுமக்க வேண்டியதில்லை. ஆபீஸுக்கு எழுதுங்கள். "முடியவில்லை" என்று மட்டும் எழுதினால் ஊருக்கு அழைப்புத்தான் வரும். எந்தெந்த கிராமத்துக்கு வாகனம் போகிறது, எதற்கு ஒரு மணி நேரம் இறங்கி ஏற வேண்டும், வாரத்தில் எத்தனை நாள் மலைக்குப் போவீர்கள், மீதி நாளில் அடிவாரத்தில் யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பீர்கள், செங்குத்தான ஊர்களை எந்த இளைய ஊழியரிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, டாக்டர் சீட்டையும் வைத்து அனுப்புங்கள்.

கடிதத்தில் உங்கள் மனைவியைப் பற்றி "மனைவியோடு" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. ஊற்றிலிருந்து தண்ணீர் தூக்குவது யார்? அவருடைய முழங்காலும் எக்ஸ்ரே பார்க்க வேண்டிய வயதில்தான் இருக்கும். சதர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருமாகப் போய் வாருங்கள்.