5 மீட்டர் உயரத் தரவுக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: ஒரு மலைப்பகுதியை பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாண மாதிரியாகச் செய்கிறேன். இலவச உயரத் தரவை ஏற்றினால் மலைகள் ஊசி ஊசியாக நிற்கின்றன. ஒரு தளத்தில் '5 மீட்டர் துல்லியத் தரவு' விற்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஊசி மலைக்குக் காரணம் பெரும்பாலும் தரவின் தரம் இல்லை, அலகுதான். இலவசக் கோப்புகள் பலவற்றில் நீள அகலம் பாகையில் இருக்கும், உயரமோ மீட்டரில். ஒரு பாகை நிலத்தில் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். மென்பொருள் அதை வெறும் 1 என்று எடுத்துக்கொண்டால், 1 அலகு அகல நிலத்தில் 2,000 அலகு உயர மலை முளைக்கும். இலவச மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸில் கோப்பைத் திறந்து, அந்தப் பகுதிக்குரிய யுடிஎம் (நிலத்தை மீட்டரில் அளக்கும் வரைபட முறை) மண்டலத்துக்கு மாற்றிச் சேமித்து, அப்புறம் ஏற்றுங்கள். காசு கொடுத்து வாங்கும் கோப்பும் பாகையில் இருந்தால் இதே தொல்லைதான் வரும்.

சரி, அந்த 5 மீட்டர்? எப்படி அளந்தது என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் கொண்டு அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு, ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தரவு இரண்டுமே சுமார் 30 மீட்டர் கட்டத்தில் (அதாவது 30 மீட்டருக்கு ஒரு உயரப் புள்ளி) இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் கட்டத்தையே கணக்குப் போட்டு நிரப்பி '5 மீட்டர்' ஆக்குவது எளிது. கோப்பு பெருக்கும், புதிதாக ஒரு ஓடைகூடத் தெரியாது. இப்படி விற்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். அதனால் மாதிரிக் கோப்பு கேட்டு வாங்கி, இலவசத் தரவோடு சேர்த்து க்யூஜிஐஎஸ்ஸில் மலைநிழல் (வெயில் படுவதுபோல் மேடுபள்ளத்தைக் காட்டும் படம்) போட்டுப் பாருங்கள். வழவழப்பு மட்டும் கூடியிருந்தால் வேண்டாம்.

8 பிட் படமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அதில் 256 உயர நிலைகள்தான் உண்டு. 2,000 மீட்டர் மலையில் ஒரு படி கிட்டத்தட்ட 8 மீட்டர் ஆகிவிடும், சரிவெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். 16 பிட்டில் 65,536 நிலைகள் இருப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை.

லைடாரில் (லேசர் ஒளியால் அளக்கும் முறை) அளந்த, மரமும் கட்டடமும் நீக்கிய வெறும் தரையின் தரவு என்றால் காசுக்குத் தகும். அதுவும் சாலை, வடிகால் போன்ற வேலைக்குத்தான். அந்தந்த நாட்டு நில அளவைத் துறையே அதை இலவசமாகத் தருகிறதா என்று முதலில் தேடுங்கள். ஒரு முழு மலைப்பகுதியைக் காட்டும் உங்கள் மாதிரிக்கு 30 மீட்டரே போதும்.

ஏற்றும்போது வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். எஸ்ஆர்டிஎம்மின் ஒரு பாகைக் கோப்பில் 3,601 × 3,601, அதாவது சுமார் 1.3 கோடி புள்ளிகள். சாதாரணக் கணினி திணறிவிடும்.