பச்சை மிளகாயை எப்போது எடுப்பது?

காரைக்காலில் ஒரு ஓட்டல் பாரில் 14 வருடம் கலந்து கொடுத்தேன். இப்போது திருவாரூரில் ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். வெயில் ஏறியதும் வருகிற கடிதங்களில் பாதி மிளகாயைப் பற்றித்தான் இருக்கின்றன. எனக்கும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை அதற்கே இடம்.

அண்ணே, பங்குனித் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் நீர்மோர் பந்தல் போட்டோம். முதலில் குடித்தவர்கள் சப்பென்று இருக்கிறது என்றார்கள். அண்டா அடியில் வந்ததைக் குடித்தவர்களுக்கோ கண் கலங்கிவிட்டது. எல்லாம் ஒரே அண்டாதானே?
– ஒரு வாசகி, மன்னார்குடி

மிளகாயை நறுக்கிப் போட்டிருப்பீர்கள், தங்கச்சி. நறுக்கின துண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதன் காரம் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில்தான் கரையும். நீர்மோரில் கொழுப்பு ஏது?

10 லிட்டருக்கு 10 பச்சை மிளகாய் எடுத்துக்கொள்ளுங்கள். கீறி, உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பைப் பாதிக்கு மேல் வழித்துவிடுங்கள். காரம் விதையில் இருப்பதாகச் சொல்வார்கள், ஆனால் அதிகம் இருப்பது அந்த நரம்பில்தான். ஒரு துண்டு இஞ்சி, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, கல் உப்பு சேர்த்து, தண்ணீர் விடாமல் ஒரு டம்ளர் கெட்டித் தயிர் விட்டு அரையுங்கள். துணியில் பிழிந்து அந்தச் சாற்றை மட்டும் அண்டாவில் கலக்குங்கள். தயிரில் இருக்கும் கொழுப்பு காரத்தை இழுத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் பரவும். எங்கள் ஊர் ஆழித்தேர் அன்று பந்தலில் என் அம்மா அகப்பையால் அடிவரை ஒரு கலக்கு கலக்கிவிட்டுத்தான் ஒவ்வொரு டம்ளரும் மொள்ளுவார். அதையும் விட்டுவிடாதீர்கள்.

அண்ணே, ஒரு பாட்டில் வோட்காவில் எட்டுப் பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு நாலு நாள் வைத்தேன். ஒரு வாய் வைக்க முடியவில்லை. கொட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், காரைக்கால்

கொட்ட வேண்டாம். பாரில் சேர்ந்த முதல் வருடம் நானும் இப்படித்தான் ராத்திரி ஊறப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் அதைக் கலந்து கொடுத்து, ஒரு பெரியவர் இருமி இருமி மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், மதுவில் நன்றாகக் கரையும். 1912-இல் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் காரத்தை அளக்க வழி கண்டதும் இதை வைத்துத்தான். காய்ந்த மிளகாயை மதுவில் ஊறவைத்துச் சத்தை எடுத்தார். காரம் நாக்குக்குத் தெரியாமல் போகும்வரை அதில் சர்க்கரைத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போனார். எத்தனை மடங்கு சேர்க்க வேண்டியிருந்ததோ அதுதான் அந்த மிளகாயின் கார எண். நீங்களும் அதையே செய்யுங்கள். மிளகாயை வடிகட்டி எடுத்துவிட்டு, அதில் ஒரு பங்குக்கு நாலு பங்கு வெறும் வோட்கா சேர்த்து ருசி பாருங்கள். காரம் குறையவில்லையென்றால் இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை 750 மில்லிக்கு இரண்டே மிளகாய், நரம்பு எடுத்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை. பச்சை மிளகாயை ஒடித்ததும் மூக்கில் ஏறும் அந்தப் பச்சை வாசனை சீக்கிரமே வோட்காவில் இறங்கிவிடும். நமக்கு வேண்டியது அதுதான். காரமோ நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே இருக்கும். வாசனை வந்து, காரம் லேசாகத் தட்டுப்படும்போதே மிளகாயை வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த முதல் வருடத்துக்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் நான் விட்டதே இல்லை.

இன்னொன்று. நாக்கில் சூட்டை உணரும் ஒரு வாசல் இருக்கிறது. அதை 1997-இல் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கொதிக்கிற காப்பி திறக்கும் அதே வாசலை மிளகாயும் திறக்கிறது. மது அந்த வாசலை இன்னும் எளிதாகத் திறக்க வைக்கிறது. ஐஸ் அதைக் கொஞ்ச நேரம் சாத்தி வைக்கும். அதனால் ஐஸ் போட்ட கிளாஸில் முதல் வாய் சாதுவாகத்தான் இருக்கும். மூன்றாவது வாயில்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் விரும்பிக் கலந்தது கொய்யா. சிவப்புக் கொய்யாச் சாறு 120 மில்லி, எலுமிச்சை 15, சர்க்கரைப் பாகு 10, இந்த வோட்கா 45. ஐஸோடு நன்றாகக் குலுக்கி வடிகட்டுங்கள். கிளாஸ் விளிம்பில் பாதிக்கு மட்டும் உப்பும் மிளகாய்த் தூளும் தடவுங்கள், வேண்டாதவர் மறுபக்கம் குடிக்கட்டும். மது வேண்டாம் என்றால் வோட்காவை விட்டுவிட்டு, ஒரு வட்டம் பச்சை மிளகாயை உப்போடு நசுக்கிச் சேர்த்து மேலே சோடா ஊற்றுங்கள். என் கடையில் இப்போது விற்பது அதுதான்.

காரம் ஏறினால் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லையே, ஏன்?
– ஒரு கல்லூரி மாணவர், கும்பகோணம்

தண்ணீர் காரத்தைக் கரைக்காது, வாய் முழுக்கப் பரப்பும். சோடா இன்னும் சுருக்கென்று குத்தும். பாலோ கெட்டி மோரோ குடியுங்கள் தம்பி, அதில் உள்ள கேசின் என்ற புரதம் காரத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். மிளகாய் அரிந்த கையில் முதலில் எண்ணெய், பிறகு சோப்பு. அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.

தம்பி, ராமநவமிப் பானகத்தில் என் பேரன் பச்சை மிளகாய் கீறிப் போட்டுவிட்டான். புது ருசி என்கிறான். போடலாமா?
– ஒரு பாட்டி, திருவையாறு

என் மனசு ஒப்பவில்லை, அம்மா. மிளகாய் போர்த்துகீசியர் கொண்டு வந்தது, 16-ஆம் நூற்றாண்டில். பெயரிலேயே மிளகு ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், நம் ஊர்க் காரம் அதற்கு முன்னால் மிளகும் சுக்கும்தான். பானகத்தில் வெல்லம், சுக்கு, மிளகு, ஏலக்காய் நாலும் ஒன்றையொன்று அனுசரித்து நிற்கின்றன. மிளகின் காரம் வந்து போய்விடும், மிளகாய் நாக்கிலேயே உட்கார்ந்து ஏலக்காயை மறைத்துவிடும்.

ஆனால் பேரனின் ஆசையை அடக்க வேண்டாம். மாங்காய் வாங்கிக் கொடுங்கள். வேகவைத்துச் சதையைக் கரைத்து, வெல்லம், உப்பு, கொஞ்சம் வறுத்த சீரகத் தூள் போடச் சொல்லுங்கள். ஒரு பச்சை மிளகாயைக் கீறி மிதக்கவிட்டு, பத்து நிமிடத்தில் எடுத்துவிடட்டும். மாங்காய்ப் புளிப்புக்கு அந்த வாசனை அத்தனை பொருத்தம். பானைத் தண்ணீரில் கரைத்தால் ஐஸ்கூட வேண்டியதில்லை.